ஆட்டோக்காரர் வீட்டு லேப்டாப்புக்கு லினக்ஸ்

பழைய லேப்டாப்புக்கு உயிர் கொடுப்போம் என்று கடை போர்டில் எழுதி வைத்தேன். அன்றிலிருந்து வருகிறவர்கள் எல்லாம் என் உயிரைத்தான் வாங்குகிறார்கள். சொந்தக்காரர் கல்யாணத்தில்கூட "கம்ப்யூட்டர் ஸ்லோவா இருக்கு, கொஞ்சம் பாரேன்" என்று பிடித்துவைக்கப்பட்டவரா நீங்கள்? வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். ஈஜிபுராவில் இருக்கும் என் கடைக்கு டேவிட் அண்ணா வந்த கதையைச் சொல்கிறேன்.

மைலேஜ்

டேவிட் அண்ணா ஆட்டோ ஓட்டுகிறவர், கோலார் தங்கவயல்காரர். மகள் மெர்சி பி.சி.ஏ. முடித்திருந்தாள். சனிக்கிழமை ஒரு கம்பெனியின் ஆன்லைன் டெஸ்ட், பாஸானால் வேலை. வீட்டில் இருந்ததோ அவள் மாமா கொடுத்த கிழட்டு லேப்டாப். ஆன் பண்ணிவிட்டுக் குளித்துவிட்டே வரலாம். புது விண்டோஸ் அதில் ஏறாது, திருட்டு விண்டோஸ் நான் போடமாட்டேன். லினக்ஸ் போடலாம், இலவசம்தான் என்றேன். இலவசம் என்றதுமே அண்ணாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

லினக்ஸில் ஒன்றா, இரண்டா, ஊர்ப்பட்ட வகை. மூன்றைப் பென் டிரைவிலிருந்தே ஓட்டிக் காட்டினேன். எது லேசு, எதில் அப்டேட் ஒழுங்காக வரும், எது விண்டோஸ் மாதிரியே இருக்கும் என்று தொண்டை வறள விளக்கினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அதெல்லாம் இருக்கட்டும்மா, இதுல எது மைலேஜ் குடுக்கும்?"

சொந்த வண்டி

லேசானதாகப் பார்த்துப் போட்டுக் கொடுத்தேன். லேப்டாப் நிஜமாகவே ஓடியது. ஆனால் மறுநாளே அப்பாவும் மகளும் வாசலில் நின்றார்கள். கீபோர்டு போச்சாம். பார்த்தால் ஒன்றுமில்லை. டெர்மினல் என்ற கறுப்புத் திரையில் பாஸ்வேர்டு அடித்தால் எழுத்து தெரியாது, ஒரு புள்ளிகூட விழாது. அது அப்படித்தான், அடித்துவிட்டு என்டர் தட்டு என்றேன். மெர்சி தலையாட்டினாள். அண்ணாவுக்குத்தான் பொறுக்கவில்லை. பிரின்டர் சேர்க்கவும் பாஸ்வேர்டு, அப்டேட் போடவும் பாஸ்வேர்டு! "இன்னாம்மா இது, என் வண்டிய எடுக்க நான் எனக்கே லைசென்ஸ் காட்டணுமா?"

வெள்ளிக்கிழமை

டெஸ்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் மெர்சி மட்டும் வந்தாள். கண் சிவந்திருந்தது. பிரவுசரிலேயே எழுதலாம் என்று சொல்லியிருந்த கம்பெனி, இப்போது தனியாக ஒரு சாஃப்ட்வேரை இறக்கச் சொல்லி மெயில் அனுப்பியிருந்தது. அது லினக்ஸில் ஓடாது. எனக்குத் தெரிந்த வழியெல்லாம் பார்த்தேன். திறக்கும், உடனே மூடிக்கொள்ளும். ஐயோ, நான் போட்டுக் கொடுத்த சிஸ்டத்தால் இந்தப் பெண்ணுக்கு வேலை போகப்போகிறதே! அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, எதிர்க் கடையில விண்டோஸ் போட்டுத் தருவாங்களான்னு கேட்டுப் பாக்கட்டுமா?"

கவுன்ட்டரில் பரீட்சை

வேண்டாம், இங்கேயே எழுது என்றேன். காலையில் ஷட்டரைப் பாதி இறக்கி, நான் பில் போடும் கம்ப்யூட்டர் முன்னால் அவளை உட்காரவைத்தேன். பில் சாஃப்ட்வேர் விண்டோஸில்தான் ஓடும், நான் என்ன செய்ய? கேமராவில் வேறு ஆள் தெரியக்கூடாதாம். என் கடையிலிருந்து நானே வெளியேறி, வாசலில் நின்ற அண்ணாவின் ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டேன். சார்ஜர் வாங்க வந்தவர்களை எல்லாம் அண்ணா கன்னடத்தில், "ஸ்வல்ப நில்லி சார், எக்ஸாம் நடீத்தா இதெ" என்று கைகூப்பி நிறுத்திவைத்தார்.

கடைசியில் மெர்சி குனிந்து வெளியே வந்தாள். "முடிச்சிட்டேன்க்கா" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அண்ணாவோ உள்ளே எட்டி என் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, ஊருக்கெல்லாம் லினக்ஸு, உனக்கு மட்டும் விண்டோஸா?"

ஸ்வீட் பாக்ஸ்

அடுத்த மாதம் ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். மெர்சிக்கு வேலை கிடைத்துவிட்டது. முகமெல்லாம் சிரிப்பு. எனக்கும் மனசு நிறைந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் நானாகவே வாயைக் கொடுத்தேன்: இனிமேலாவது விண்டோஸ் போட்ட புது லேப்டாப் ஒன்று வாங்கிவிடுங்கள் அண்ணா என்று. அவர் கையை ஆட்டி மறுத்தார். "எதுக்கும்மா? அது நல்லாத்தான் ஓடுது. அதுல ஓடாததுக்குத்தான் நீ இருக்கியே!"

இந்தத் தொழிலில் எந்த லினக்ஸைப் போட்டுக் கொடுத்தாலும் சரி, கூடவே அந்த வீட்டில் நாமும் சேர்ந்து இன்ஸ்டால் ஆகிவிடுகிறோம்.