கார்மேகம் வரைந்த பேரீச்சை

பிறந்ததிலிருந்து மிளகாய்க் காட்டில் கிடந்த மனிதர், 'உங்கள் ஊர்ப் பயிரை வரையுங்கள்' என்றால் பேரீச்ச மரத்தை வரைவாரா? ஒருவர் வரைந்தார்.

கார்மேகம் கமுதிப் பக்கத்துக்காரர். ஷார்ஜாவில் ஒரு தொழிலாளர் கேம்ப்பில் தங்கி, கட்டட சைட்டில் கம்பி கட்டுகிறார். முந்தைய கேம்ப்பில் ஒருநாள், கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒருவர் வந்தார். யார் என்ன சமைக்கிறீர்கள், மணக்கிறதே என்று சிரித்துச் சிரித்துக் கேட்டுப் போட்டோ எடுத்துப் போனார். அடுத்த வாரமே, ரூமில் சமைக்கக் கூடாதென்று அங்கிருந்த அடுப்புகளையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அதிலிருந்து, யாராவது சிரித்துக்கொண்டே கேள்வி கேட்டால் கார்மேகம் எல்லாவற்றுக்கும் இல்லை என்றே சொல்லிவிடுவார்.

இப்போது அவரிடம் மறைக்க ஒன்று இருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், ஏசியிலிருந்து சொட்டும் நீரில், குண்டு மிளகாய்ச் செடிகள் வளர்த்திருந்தார். கேம்ப்பில் செடி வைக்கக் கூடாது. அவையோ அப்போதுதான் காய் பிடித்திருந்தன.

அந்த ஞாயிற்றுக்கிழமை மெஸ்ஸில் நீளமான துணி ஒன்றை விரித்தாள் ஷம்சியா. துபாயில் ஓவியம் வரையும் கீழக்கரைப் பெண். பிழைக்க வந்தவர்கள் சேர்ந்து தங்கள் ஊர்ப் பயிர்களை வரைந்தால் கண்காட்சியில் மாட்டப்போவதாகச் சொன்னாள்.

"இங்க யாராச்சும் ஏதாவது நட்டிருக்கீங்களா?" என்றும் கேட்டாள்.

"மாஃபி தாயி, ஒண்ணும் இல்ல. இங்க மண்ணு ஏது?" என்ற கார்மேகம், பிரஷ்ஷை எடுத்துப் பேரீச்ச மரம் வரைந்தார். மூத்தவரே அப்படிச் செய்தால் விஷயம் இருக்கும் என்று மற்றவர்களும் வரிசையாகப் பேரீச்சையே வரைந்தார்கள்.

"அண்ணே, கமுதியில பேரீச்சையா விளையுது?" என்றாள் ஷம்சியா.

"வச்சா விளையும் தாயி."

அவருடைய ரூம்காரன் விஜயபாஸ்கர் சிரித்தான். "எல்லாரும் ஷேக் வீட்டு மாப்பிள்ளைங்க. வேற என்னத்த வரைவாங்க?" சொல்லிவிட்டு அவன் பாட்டுக்குச் சிவப்பாக மிளகாய் போட்டான். பக்கத்தில் நீலத் தொட்டியையும் போட்டான். "அண்ணே, நம்ம செடி அச்சு அசலா வந்திருக்குல்ல?"

ஷம்சியா குனிந்து பார்த்தாள். கேம்ப்பைப் பார்த்துக்கொள்ளும் கேம்ப் பாஸ் அனந்தகிருஷ்ணனும் எட்டிப் பார்த்தார்.

டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளியேறிய கார்மேகம், தொட்டிக்குப் பின்னால் ஓடினார். யாரோ பிடுங்குவதற்கு முன் தானே பிடுங்கிவிடலாம் என்று செடிகளை வேரோடு இழுத்து சாக்கில் திணித்தார். நிமிர்ந்தால் எதிரே அனந்தகிருஷ்ணன்.

"செடி எங்க வே? அந்தப் பொண்ணு பாக்கணுங்கா," என்றார் அந்தத் திருநெல்வேலிக்காரர்.

"எந்தச் செடி சார்?"

"நீரு லீவுல போனப்போ அதுக்குத் தண்ணி ஊத்துனது யாருன்னு நெனச்சீரு? நாந்தான்."

உண்மை போலத்தான் இருந்தது. அன்று அட்டை மாட்டி வந்தவரும் இப்படித்தான் தன்மையாகப் பேசினார்.

"மாஃபி சார்," என்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார் கார்மேகம். சாக்கிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த வேரைப் பார்த்த அனந்தகிருஷ்ணன் திரும்பிப் போனார்.

ஷம்சியாவின் வண்டி போனதும் செடிகளை மறுபடி நட்டார். ஒன்றுதான் பிழைத்தது. அதை இதுவரை யாரும் தொடவில்லை. ஆனாலும் அனந்தகிருஷ்ணன் அந்தப் பக்கம் நடந்தால் கார்மேகம் ஜன்னலுக்கு வந்துவிடுகிறார்.

கேம்ப்பில் இருக்கும் உங்கள் அண்ணன், மாமனுக்கு இதைச் சொல்லுங்கள். அவர்களிடம் கேள்வி கேட்கப் போகிறவர்களைத் தெரிந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள். பதில் சொல்வதால் எதுவும் பறிபோகாது என்பதை, கேட்பவர்கள் கேள்விக்கு முன்பே சொல்லிவிடட்டும்.