விபூதிச் சம்புடத்தில் மாத்திரை

எங்கள் அப்பாவின் சர்க்கரை மாத்திரைக்கு விபூதி வாசனை உண்டு. மருந்துக் கடையிலிருந்து வந்ததும் அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கி எடுத்து, பூஜை மாடத்தில் இருந்த பழைய பித்தளை விபூதிச் சம்புடத்தில் போட்டு மூடிவிடுவார். காலையில் குளித்து நெற்றியில் பட்டை போட்ட கையோடு அதைத் திறந்து, ஒரு மாத்திரையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "சிவ சிவா" என்று வாயில் போட்டுக்கொள்வார். கடலூர் முதுநகரில் ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்த அந்த மனிதருக்கு வைத்தியமும் வழிபாடும் வேறு வேறாகத் தெரியவில்லை. அவர் வேலைக்குப் போனபின் சம்புடத்தைத் திறந்து மோந்து பார்ப்பது எனக்கு ஒரு பழக்கம்.

மாத்திரையை ஒருநாளும் விடக்கூடாது, போட்டால் உடனே ஏதாவது சாப்பிட்டுவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முதலில் சொன்னதை அப்பா சாமி வாக்காக எடுத்துக்கொண்டார். அடுத்தது, விரத நாளில் மட்டும் அவர் காதில் ஏறாது.

"ஏங்க, வெறும் வயித்துல போடாதீங்க. சக்கர எறங்கி மயக்கம் வரும்னு டாக்டர் சொன்னாரா இல்லியா?" என்பாள் அம்மா.

"சோறு வேணாம்னுதான விரதம். மாத்திரை என்னா சோறா?" என்பார் அப்பா.

அப்படித்தான் ஒருமுறை ஆனித் திருமஞ்சனத் தேருக்கு, மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு, எங்களைப் பாசஞ்சர் ரயிலில் சிதம்பரம் அழைத்துப் போனார். தேரில் நடராசரைப் பார்க்கும்வரை பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் கிடையாது என்பது அவர் வைராக்கியம். தெற்கு வீதி முனையில் என்னையும் அவரையும் நிற்க வைத்துவிட்டு, எனக்குப் பானகம் வாங்க அம்மா பந்தலுக்குப் போனாள். மேளச் சத்தம் நெருங்க நெருங்க என் கையைப் பிடித்திருந்த அப்பாவின் கை நடுங்கியது, சட்டை போடாத உடம்பில் வேர்வை ஊற்றியது, கண் நிலைகுத்திப் போய், என்னைப் பார்த்து, "யாரு நீ?" என்றார்.

பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "சாமி வந்திருக்கு, தள்ளி நில்லுங்க!" என்று கத்த, கூட்டம் வட்டம் கட்டிவிட்டது. யாரோ கற்பூரம் தேடினார்கள். ஒருவர் குனிந்து, "எம் பொண்ணுக்கு எப்ப வரன் அமையும் சாமி?" என்று கேட்டே விட்டார். நானும் நம்பிவிட்டேன், பயத்தோடு கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அம்மாதான் தம்ளரும் கையுமாகக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். "வழி விடுங்க! சாமியும் இல்ல ஒண்ணும் இல்ல. இவுருக்குச் சக்கர எறங்கிப் போச்சு!"

அப்பா வாயை இறுக்கி மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். பெற்ற மகளை மறந்தவருக்கு விரதம் மறக்கவில்லை. அம்மா அழவில்லை, கெஞ்சவில்லை. தம்ளரை அவர் கண்ணில் ஒற்றி, "நடராசர் தேருக்குக் குடுக்கற பெரசாதங்க இது. வேணாம்னு சொல்லுவீங்களா?" என்றாள்.

வாய் திறந்தது. வாய் வாயாகப் புகட்டினாள். சற்று நேரத்தில் முகம் தெளிந்து, என்னைத் தேடிப் பிடித்து, "தேரு போயிடுச்சா பாப்பா?" என்றார். போயிருந்தது. வரன் கேட்டவர் மட்டும் இன்னும் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தார்.

சாப்பிடாத நாளில் அந்த மாத்திரை கூடவே கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொன்னபின், விரதத்தன்று அப்பா ஒரு மாத்திரையை எடுத்து நடராசர் படத்தின் கீழே வைத்து, "இன்னிக்கி இது உன் பொறுப்பு" என்று கும்பிடுவார்.

இன்று அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. பானகப் பந்தல் இருந்த முனையில் குளிர்பானப் பாக்கெட் கொடுக்கிறார்கள். எனக்கும் சர்க்கரை வந்துவிட்டது. மகன் வாங்கித் தந்த, கிழமை எழுதிய பிளாஸ்டிக் டப்பாவில் இருக்கும் என் மாத்திரைக்கு எந்த வாசனையும் இல்லை. இந்த ஆனியிலும் இட்லி சாப்பிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டு, முந்தானையில் கல்கண்டு முடிந்து அதே முனையில் போய் நின்றேன். மேளம் நெருங்கியபோது வாய் தானாக முணுமுணுத்தது: "இல்லப்பா, இன்னும் போவல. இதோ வருது."