மேல்தட்டில் ஒரு பால் டின்

மளிகைக் கடையில் நிற்கிறவர்களுக்கு ஊரின் பயம் ஊருக்கு முன்பே தெரிந்துவிடும். டாக்டரிடம் போவதற்கு முன்னால் எல்லாரும் எங்களிடம்தான் வருவார்கள். கடைப் பலகைக்குப் பின்னால் நின்று, "இல்லை, தீர்ந்துபோச்சு" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டவர்கள் இதைப் படித்தால் தலையாட்டுவார்கள். சில வருஷங்களுக்கு முன் ஒரு கிருமி வந்து உலகமே கை கழுவியபோது, பேரங்காடியில் காலியான தட்டுகளுக்கு முன் நின்று எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கண் கலங்கியது. அந்தக் காலித் தட்டுகளை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

மலாயா சுதந்திரம் வாங்கிய ஐம்பத்தேழாம் வருஷம் அது. மலாக்காவில், காஜா பெராங் சாலையிலிருந்து செட்டிக் கம்பம் என்ற குடியிருப்புக்குத் திரும்பும் சந்தின் முனையில் என் தாய்மாமா கடை வைத்திருந்தார். பள்ளிப் படிப்பு முடிந்து கல்லூரிக்குக் காத்திருந்த நான், அங்கே சாமான் நிறுத்துப் பொட்டலம் கட்டினேன். கொடி ஏற இன்னும் சில மாதங்கள் இருக்கும்போது சிங்கப்பூர்ப் பக்கமிருந்து விஷக்காய்ச்சல் வந்தது. சுதந்திரத்துக்கு முன்னால் அது வந்து இறங்கிவிட்டது.

அண்ணனின் குடை

அப்போது சவுக்காரம் முழ நீளக் கட்டையாக வரும். இரண்டு கையாலும் கம்பியை இழுத்துப் பிடித்து அறுத்து, துண்டு துண்டாக விற்போம். கம்பி இறங்கும்போது மெல்ல ஒரு முனகல் கேட்கும். இன்றைக்கும் எங்காவது கதவு அப்படி முனகினால் எனக்குச் சவுக்கார வாசனை வந்துவிடும். அடிக்கடி கை கழுவுங்கள் என்று ரேடியோவில் சொன்ன மறுநாள், கதவுப் பலகையை எடுக்குமுன்பே வாசலில் கூட்டம். அதுவரை சவுக்காரத்தைக் குளிக்கும்போது மட்டும் நினைத்தவர்கள், அரிசியைப் போல அதைக் கேட்டார்கள். மாமா வீட்டுக்கு ஒரு துண்டு என்று கட்டுப்பாடு வைத்தார். நாளாக ஆகத் துண்டு மெலிந்துகொண்டே வந்தது. கடைசியில் வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் விரல் தெரியும்.

அரசாங்க ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்த ஒருவர் முதல் ஆளாக வந்து ஒரு துண்டு வாங்கினார். பிறகு மனைவி வந்தார். பிறகு மனைவியின் தங்கை. மத்தியானம் கிராணியே மறுபடியும் வந்தார், மூக்குக் கண்ணாடி இல்லாமல். நான் சிரிப்பை அடக்க வெங்காய மூட்டைக்குள் குனிந்துகொண்டேன். "நான் அவரோட தம்பி," என்றார். மாமா முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. "நல்லதாப் போச்சு. உங்க அண்ணன் காலையில குடையை விட்டுட்டுப் போயிட்டார். கொண்டுபோய்க் கொடுத்துடுங்க," என்று குடையை எடுத்து நீட்டினார். கிராணி குடையையும் பார்த்தார், கூட்டத்தையும் பார்த்தார். குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு படி இறங்கும்போது சொன்னார்: "அண்ணனுக்கு எப்பவுமே மறதி."

கூடைக்குள் போன கை

இந்தக் கதையில் இனி அடிக்கடி வரப்போகிறவர் பீபி மீனாச்சி. பீபி என்பது மூத்த பெண்களுக்கு அவர்கள் வைக்கும் மரியாதைச் சொல். சந்துக்குள் இரண்டாவது வீடு. எங்கள் கடையிலிருந்து பார்த்தால் அவர் வாசல் தெரியும். செட்டிக் கம்பத்துக்காரர். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் கப்பலில் வந்த தமிழ் வணிகர்கள், இந்த மண்ணின் பெண்களைக் கட்டி வந்த வழி. அவர்கள் கும்பிடுவது நம் சாமி, பேசுவது மலாய். பீபி பேசியதை நான் தமிழில்தான் எழுதுகிறேன். ஆனால் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. கணவர் இல்லை. ஒரே மகன் மணியம் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலை.

அவர்கள் வழக்கத்தில், பெரியவர் கையை நீட்டுவார். இளையவர் அதை இரு கையாலும் வாங்கி மூக்கு நுனியில் ஒற்றிக்கொள்ள வேண்டும். பாவாடை கட்டிய நாளிலிருந்து நானும் பீபியின் கையை அப்படி வாங்கியிருக்கிறேன். தேங்காய்ப்பாலும் பண்டான் இலையும் மணக்கும் கை. காய்ச்சல் வந்ததும் கடையில் யார் கையையும் யாரும் தொடக் கூடாது என்று மாமா சொல்லிவிட்டார். காசைக்கூட ஒரு தகர மூடியில் போட வேண்டும். மறுநாள் காலையில் பீபி வழக்கம்போலப் பலகைக்கு மேலே கையை நீட்டினார். நான் என் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். மாமா மலாயில் பணிவாகக் காரணம் சொன்னார். பீபி தன் கையைத் திருப்பிப் பார்த்தார். ஈரமே இல்லாத கையை, இடுப்பில் கட்டியிருந்த சாரோங்கில் துடைத்துக்கொண்டார். "மகன் போனதிலிருந்து இந்தக் கையை வாங்க இருந்தது நீ ஒருத்திதான், சாயாங். சரி, இனிமே கை கூடைக்குள்ளேயே இருக்கட்டும்."

சாயாங் என்றால் கண்ணே என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சொல்லிவிட்டுத்தான் போனார் என்பது அன்று முழுக்க எனக்கு ஆறுதலாக இருந்தது.

காஜா பெராங் விரல்

சவுக்காரம் தீர்ந்ததும் மாமாவுக்கு ஒரு யோசனை வந்தது. காலரா சமயத்தில் கிணற்றுக்குப் போடுகிற ஊதா மருந்து கொஞ்சம் கடையில் கிடந்தது. ஒரு சிட்டிகை போதும், தண்ணீர் ரோஜா நிறமாகிவிடும். வாசலில் எனாமல் பேசினை வைத்து, உள்ளே வருகிறவர்கள் இதில் கை நனைத்துவிட்டு வாருங்கள் என்றார். ஆனால் பயத்துக்கு ரோஜா நிறம் போதவில்லை. "தவுக்கே, இது தண்ணி மாதிரி இருக்கே," என்று வாடிக்கையாளர்கள் குறைப்பட்டார்கள். முதலாளியே சிக்கனம் பிடித்தால் எப்படி என்று ஒருவர் கேட்டுவிட்டார். மாமாவுக்கு ரோஷம். மறுநாள் பேசினில் கத்திரிக்காய் நிறத்தில் தண்ணீர்.

அந்த மருந்து அளவுக்கு மீறினால் தோலில் பழுப்பாகக் கறை ஏறும், நாள் கணக்கில் போகாது என்பது மாமாவுக்குத் தெரியாது. வாரம் முடிவதற்குள் எங்கள் வாடிக்கையாளர் எல்லாருக்கும் புகையிலை நிறத்தில் விரல்கள். பாசாரில் மீன்காரர் அந்த விரல்களைப் பார்த்துவிட்டுத் தராசைத் தள்ளி வைத்தார். காய்ச்சலின் அடையாளம் என்று நினைத்து பஸ்ஸில் பக்கத்து ஆட்கள் எழுந்து நின்றார்கள். எங்கள் ஆட்களுக்கு மட்டும் சொகுசாக இடம் கிடைத்தது. பீபியும் கை நனைத்தார். பழுத்த இலை மாதிரி ஆகிவிட்ட நகங்களைப் பார்த்துக் கவலைப்பட்டார். பழங்கள் வரும் பருவத்தில் அவர்கள் வீடுகளில் பார்ச்சு வரும். இறந்துபோனவர்களை விருந்துக்குக் கூப்பிட்டு, அவரவருக்குப் பிடித்ததை இலையில் வைக்கும் நாள். "பார்ச்சு வருது, தவுக்கே. இந்தக் கையால பரிமாறினா, வீடு மாறி வந்துட்டோம்னு என் புருஷன் திரும்பிப் போயிடுவார்."

வாசனை மட்டும்

கற்பூரத்தைத் துணியில் முடிந்து கழுத்தில் கட்டினால் காய்ச்சல் அண்டாது என்று யார் சொன்னார்களோ தெரியாது. ஒரு காலைப்பொழுதில் ஜாடி காலி. வெள்ளிக்கிழமை சாயங்காலம், பக்கத்துக் கோயில் பூசாரி வழக்கமான கற்பூரத்துக்கு வந்தார். ஜாடியைக் கவிழ்த்துக் காட்டினேன். அவருக்குக் கோபம் வரவில்லை, களைப்புதான் வந்தது. "கோயில் நிறைய ஆளு, எல்லார் கழுத்திலயும் கற்பூரம். சாமிக்கு முன்னால மட்டும் தீபாராதனை இல்லை, வெறும் வாசனை."

வாங்கவும் மாட்டேன்

சிங்கப்பூரிலிருந்து சரக்கு ஏற்றி வரும் லாரிக்காரர்தான் எங்களுக்குச் செய்தித்தாள். ஒருநாள் மூட்டையை இறக்கிக்கொண்டே, துறைமுகத்து ஆட்கள் தங்கும் விடுதி ஒன்றில் எல்லாரும் படுத்துவிட்டார்கள், சிலரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் என்றார். எந்த விடுதி என்று மாமா கேட்டார். மணியம் இருந்த விடுதி. மணியத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டோம். பார்க்கவில்லை, உள்ளே விடவில்லை என்றார். அந்த நேரம் பார்ச்சுவுக்குச் சாமான் வாங்க வந்திருந்த பீபி, பலகைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் புரியாது. ஆனால் மகன் பெயர் எந்தப் பேச்சில் வந்தாலும் புரியும். மாமா மலாயில் சொல்ல வேண்டியதாயிற்று.

பீபி சாமானைத் தொடர்ந்து சொன்னார். கணவருக்குச் சுருட்டு. மாமியாருக்கு வெற்றிலையும் பாக்கும். சின்ன வயதில் போன நாத்தனாருக்குக் கல்கண்டு. கூடை நிறைந்துகொண்டு வந்தது. மாமாவுக்கு மனசு கேட்கவில்லை. அப்போது பால் டின்னுக்கு ஊரெல்லாம் அடிதடி. எங்களிடம் மிஞ்சியது ஒன்று. ரொட்டியில் கெட்டிப்பாலை ஊற்றித் தின்பதென்றால் மணியத்துக்கு உயிர் என்பது சந்துக்கே தெரியும். "மணியம் வருவான், வச்சுக்குங்க," என்று டின்னைக் கூடையில் வைத்தார்.

நெருப்பில் கை பட்டதுபோல பீபி அதை எடுத்து வெளியே வைத்தார். டின்னைச் சாரோங் நுனியால் துடைத்தார், கூடைக்குள் இருந்தபோது ஏதோ ஒட்டிக்கொண்டதுபோல. மாமாவின் முகம் மாறிவிட்டது. என்ன செய்துவிட்டோம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. "இந்த வாரம் இந்தக் கூடையில ஏறுறதெல்லாம் போனவங்களுக்கு. என் மகன் சாமான் அதோட உட்காரக் கூடாது. மேல வச்சுடுங்க, தவுக்கே. நான் இப்போ வாங்கவும் மாட்டேன், நீங்க விற்கவும் கூடாது."

தெங்கேரா அம்மாள்

டின் மேல்தட்டில் ஏறி உட்கார்ந்தது. மற்ற தட்டுகள் காலியாகிவிட்டதால், கடைக்குள் நுழைகிறவர் கண் நேராக அதில்தான் போய் விழும். தெங்கேராவிலிருந்து மிதித்து ஓட்டும் திரிஷா வண்டி பிடித்துக் கடை கடையாக ஏறி இறங்கி வந்த ஓர் அம்மாளுக்கு, வாசலிலேயே முகம் மலர்ந்துவிட்டது.

"அந்த டின்னைக் கொடுங்க."

"அது வேற ஒருத்தரோடது."

"வித்துட்டீங்களா?"

"இல்லை."

"அப்போ அவங்க வந்து வாங்கிக்குவாங்களா?"

மாமா பொய் சொல்லத் தெரியாத வியாபாரி. அதனால்தான் கடைசிவரை ஒரே கடையோடு நின்றார். "தெரியலைங்கம்மா," என்றார். அந்த அம்மாள் இரட்டை விலை சொன்னார். பிறகு காய்ச்சல் நேரத்தில் பதுக்கல் செய்கிறீர்கள், போலீசிடம் சொல்வேன் என்றார். மாமா ஏணியை எடுத்துப் பின்கட்டில் வைத்துவிட்டு வந்தார். வண்டியில் ஏறி உட்கார்ந்து, குடையை விரித்துக்கொண்டு அந்த அம்மாள் சொன்னது முழுச் சாலைக்கும் கேட்டது. "விக்காத கடைக்காரர், வாங்காத வாடிக்கை, நடுவுல ஒரு டின்னு. காஜா பெராங்ல காய்ச்சல் தலைக்கு ஏறிப்போச்சு."

சாத்திய கதவு

பார்ச்சு நாளும் வந்தது. மணியத்திடமிருந்து எந்தத் தகவலும் இல்லை. அன்று பின்னேரம் பீபி வீட்டில் இலைகள் போட்டு, மங்குஸ்தீனும் ரம்புத்தானும் டுரியானும் வைத்து, சாம்பிராணி போட்டு, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வாசலுக்கு வந்து நின்றார்கள். இறந்துபோனவர்கள் உள்ளே சாப்பிடும் நேரம் அது. திறக்குமுன் கதவைத் தட்ட வேண்டும், அவர்கள் எழுந்துகொள்ள. எப்போதும் வாசல் கொள்ளாத உறவு. அந்த வருஷம் நாலைந்து பேர், மூக்கில் கைக்குட்டையோடு, ஒருவர் மூச்சு ஒருவர் மேல் படாத தூரத்தில். எத்தனை இலை போட்டிருப்பார், மணியத்துக்கும் ஒன்று இருக்குமோ என்று மாமாவும் நானும் அவரவர் மனசுக்குள் எண்ணிப் பார்த்தோம்.

அப்போது சாலையில் பஸ் நின்றது. இறங்கிய ஆளை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. சட்டைக்குள் ஆள் சுருங்கியிருந்தார், கன்னத்தில் தாடி. "காய்ச்சல் வந்து போயிடுச்சு, தவுக்கே. ஆஸ்பத்திரியிலேருந்து விட்டுட்டாங்க," என்றார் மணியம். மாமா பேசினைக் காட்டினார். நான் அந்த ஊதாத் தண்ணீரை மொண்டு ஊற்ற ஊற்ற அவர் கழுவினார். முழங்கை வரை கழுவினார். போதும் என்ற பிறகும் கழுவினார். பிறகு சந்துக்குள் போய், குரோட்டன் வேலிக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டார். கைக்குட்டைகள் பின்வாங்கின.

கதவைத் தட்டக் கை ஓங்கியிருந்த பீபி திரும்பிப் பார்த்தார். ஓங்கிய கை அப்படியே நின்றது.

"மாக், நான் சிங்கப்பூர்லேருந்து வரேன். இங்கேயே நிக்கிறேன்," என்றார் மணியம் தாயிடம்.

பீபி படி இறங்கி வேலி வரை வந்தார். "போனவங்களையே இன்னிக்கு உள்ளே கூப்பிட்டு உட்கார வச்சிருக்கேன். நீ வேலிக்கு வெளியே நிப்பியா?" என்று கையை நீட்டினார். மணியம் அதை வாங்கினார். பழுப்பேறிய கைக்குள் பழுப்பேறிய கை. எது யாருடையது என்று தூரத்திலிருந்து தெரியவில்லை. அவர் முகத்தை அதிலிருந்து எடுக்க வெகு நேரமாயிற்று.

அதற்குப் பிறகுதான் கதவைத் தட்டினார்கள், திறந்தார்கள். இலைகளையெல்லாம் எடுத்து, வீட்டைத் துடைத்தான பிறகு பீபி கடைக்கு வந்தார். கையில் கூடை இல்லை. பலகைக்கு மேலே கையை நீட்டினார். நான் மாமாவைப் பார்த்தேன். மாமா முதுகைக் காட்டிக்கொண்டு, ஏணியைத் தேடிப் பின்கட்டுக்குப் போனார். நான் அந்தக் கையை வாங்கி ஒற்றிக்கொண்டேன். சாம்பிராணி, டுரியான், அடியில் அவர் மிச்சம் வைத்திருந்த எங்கள் சவுக்காரம். "டின்னை இறக்கச் சொல்லு, சாயாங். இப்போ வாங்கிக்கிறேன்."

காய்ச்சல் ஓய்ந்து கொடியும் ஏறிய பிறகு, மாமா ஆள்மேல் ஆள் விட்டுக் கேட்டிருந்த சவுக்காரப் பெட்டிகள் எல்லாம் ஒரே நாளில் வந்து இறங்கின: கேட்கும்போது சரக்கு இருக்காது, சரக்கு இருக்கும்போது கேட்க ஆள் இருக்காது என்பதுதான் எங்கள் தொழில், நீட்ட இப்போது எனக்கும் ஒரு முதிய கை இருந்து, அதை வாங்க வருகிறவர்கள் குறைந்துவிட்ட இந்த வயதில் பார்த்தால் வாழ்க்கையில் மற்றவையும் ஏறக்குறைய அப்படித்தான்.