மழை வந்தால் கூப்பிடும் பெயர்கள்

எனக்கு ஒரு புயல் மீது பொறாமை இருந்தது. சிரிப்பீர்கள். சக்களத்தி மீது பொறாமைப்படலாம், பக்கத்து வீட்டுக்காரியின் வளையல் மீது பொறாமைப்படலாம். நானோ கடலுக்கு அந்தப் பக்கம் எப்போதோ அடித்து ஓய்ந்துபோன காற்றை நினைத்து வயிறெரிந்தேன். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, வருஷக்கணக்கில்.

நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பிறந்து வளர்ந்தவள். எண்பதுகளின் தொடக்கத்தில் கிள்ளானில் ஒரு ஜவுளிக்கடைக் குடும்பத்துக்கு மருமகளாகப் போனேன். கீழே கடை, மேலே வீடு. வீட்டில் என் மாமியார், கணவரின் அண்ணன், அண்ணன் மனைவி, என் கணவர். எல்லோரும் நாகப்பட்டினம் பக்கத்துக் கடற்கரைக்காரர்கள். ஆண்கள் கிள்ளானில் கடை பார்ப்பது, பெண்கள் ஊரில் இருப்பது, இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஆண்கள் போய் முகத்தைக் காட்டிவிட்டு வருவது என்பதுதான் அவர்கள் குடும்ப வழக்கம். எழுபத்தேழில் வந்த புயல் வீட்டோடு சேர்த்து அந்த வழக்கத்தையும் கொண்டுபோய்விட்டது. இனிமேல் பெண்களைக் கடலோரத்தில் தனியாக விடுவதில்லை என்று முடிவு செய்து, அலைந்து திரிந்து குடியேறுவதற்கான பேப்பர் வாங்கி, இங்கே கூட்டி வந்தார்கள். எங்கள் தெருவில் இன்னும் சில குடும்பங்களும் அப்படி வந்தவைதான்.

அதனால் அந்த வீட்டில் காலண்டருக்கு வேலையே இல்லை. எல்லாக் கணக்கும் புயலை வைத்துத்தான். அந்தச் சோறாக்கும் தேக்சா புயலுக்கு முந்தி வாங்கினது. இன்னார் மகன் புயலுக்கு அடுத்த வருஷம் பிறந்தவன். அவர்கள் பேசிக்கொண்டே போவார்கள், நான் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவேன். ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் நானும் என் பங்குக்கு எழுபத்தொன்றில் கோலாலம்பூரில் வந்த வெள்ளத்தை எடுத்துவிட்டேன். வாசலில் கழுத்தளவு தண்ணீர் வந்ததையும், பக்கத்து வீட்டுச் சீனத்து அங்கிள் எங்களைச் சம்பான் படகில் ஏற்றிக்கொண்டதையும் கொஞ்சம் கூட்டிக் குறைத்துச் சொன்னேன். உண்மையில் தண்ணீர் இடுப்பளவுதான்.

என் ஓரகத்தி பொறுமையாகக் கேட்டாள். அவளை நான் லாத்தா என்று கூப்பிடுவேன், எங்கள் முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம். என் கணவருக்கு அவள் மச்சி.

"அது வெள்ளம் புள்ளே. புயல் வேற," என்றாள். பிறகு எழுந்து கை கழுவப் போய்விட்டாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வெள்ளத்துக்குக்கூட அந்த வீட்டில் மதிப்பில்லை.

அதையும் சகித்துக்கொண்டிருப்பேன். ஆனால் பெயர் கூப்பிடும் வழக்கத்தை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை.

கிள்ளானில் மழைக்குப் பஞ்சமா? சாயங்காலம் நாலு மணிக்கு வானம் கறுக்கும், காற்று ஜன்னலைப் படாரென்று அறையும், கரண்ட் போகும். உடனே லாத்தா அடுப்படி வாசலில் வந்து நின்று பெயர்களைக் கூப்பிடுவாள். முதலில் "மாமி" என்பாள். மாமியார் கட்டிலிலிருந்து "இருக்கேன்" என்பார். அடுத்து தன் புருஷன் பெயர். மற்ற நேரத்தில் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லாதவள் அவள். அவர் கீழே கடையிலிருந்து ஓடி வந்து படிக்கட்டில் நின்று "இருக்கேன்" என்பார். அடுத்து என் கணவர் பெயர், அவரும் "இருக்கேன்" என்பார். புயல் ராத்திரியில் இருட்டில், ஓட்டுக்கூரை மேல் உட்கார்ந்து அவள் இப்படித்தான் கூப்பிட்டாளாம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஊருக்குப் போன அண்ணனும் தம்பியும் அன்றைக்கு அங்கேதான் இருந்தார்கள்.

நான் அதே கூடத்தில்தான் நிற்பேன். என் பெயர் வராது. நான்தான் அந்தக் கூரை மேல் இல்லையே.

கடைசியாக இன்னொரு பெயர் வரும். ஒரு பெண் பெயர். அதற்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். என் கணவர் தலையைக் குனிந்துகொள்வார். பிறகு எல்லோரும் அவரவர் வேலைக்குத் திரும்புவார்கள்.

யார் அவள் என்று ஒரு தடவை கணவரிடம் கேட்டேன். அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோனார். போதாதா எனக்கு? பேசி வைத்த மாமன் மகளாக இருப்பாள், கல்யாணம் நின்றுபோயிருக்கும், நான் அவருக்கு இரண்டாவதாகப் பார்த்த பெண் என்று நானே கதையை முடித்துவிட்டேன். அழகாக வேறு இருந்திருப்பாள் என்று தோன்றியது. அதற்கப்புறம் மழை வரும்போதெல்லாம் நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். என் பெயரைக் கேட்டு அந்த முகம் ஒருநாளும் அப்படிக் குனிந்ததில்லை.

கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முடியவில்லை. ஒரு சாயங்காலம் மழை பிடித்தது, கரண்ட் போனது, லாத்தா கூப்பிட ஆரம்பித்தாள். மாமி இருந்தார், மச்சான், அதாவது லாத்தா புருஷன், இருந்தார், என் கணவரும் இருந்தார். பிறகு அந்தப் பெயர். அவர் தலை குனிந்தது. எனக்கு என்ன பிடித்ததோ தெரியவில்லை.

"அவ வர மாட்டா லாத்தா," என்றேன். "எத்தன தடவ கூப்பிடுவீங்க? அவளுக்குப் பதிலாத்தான் நான் இருக்கேன்லா. என்னயக் கூப்பிடுங்க."

லாத்தா என்னைப் பார்த்தாள். கோபமே இல்லை அந்தப் பார்வையில், அதுதான் இன்னும் என்னைத் தூங்கவிடாது. அவள் அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மாமியார்தான் சொன்னார். "அது பச்சப் புள்ளம்மா. மூத்தவ பெத்த மக. மூணு வயசு."

என் கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "என் தோள்லதான் இருந்தா," என்றார். "ஓட்டு மேல ஏறுறப்ப அலை வந்துச்சு. மச்சி என் பேரக் கூப்பிட்டாங்க. நான் இருக்கேன்னு சொல்லிட்டேன். அடுத்து அவ பேரக் கூப்பிட்டாங்க. அப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது, தோள்ல அவ இல்லன்னு."

அந்தப் பெயர் எப்போதோ செத்துப்போன பெரிய உம்மாவின், ஒரு பாட்டியின், பெயராம், குழந்தைக்கு வைத்திருக்கிறார்கள். நான் அதற்குப் பட்டுப்புடவை கட்டி, மல்லிகைப்பூ வைத்து, மனசுக்குள் ஒரு குமரியாக நிறுத்தியிருந்தேன்.

லாத்தாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடு புள்ளே, ஒனக்குத் தெரியாதுல்ல," என்றாள். ஆனால் அன்றிலிருந்து அவள் பெயர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். மழை வரும், கரண்ட் போகும், வீடு ஊமையாக இருக்கும். அண்ணனும் தம்பியும் பழக்க தோஷத்தில் படிக்கட்டு வரை ஏறி வந்து, கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பக் கடைக்கு இறங்குவார்கள். ஊரிலிருந்து மிச்சமாக வந்த அந்த ஒரு குரலையும் நான் பிடுங்கிப் போட்டுவிட்டேன். இவ்வளவுக்கும் பிறகு என் பொறாமை போனதா என்றால், இல்லை. மூன்று வயதுக் குழந்தை மீதும் பொறாமைப்பட்டேன். இல்லாமல் போயும் அவளுக்கு அந்த வீட்டில் ஓர் இடம் இருந்தது, இருந்தும் எனக்கு இல்லை.

அப்படியே பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடியது. மாமியார் மவுத்தானார். லாத்தாவுக்கு முட்டி வலி வந்தது. மாமியார் போய் நாற்பது நாள்கூட ஆகாத ஒரு சாயங்காலம், நான் கண்ட மழைகளிலேயே மோசமான மழை பிடித்தது. எதிர்க்கடையின் தகரக் கூரை பிய்ந்து ரோட்டில் உருண்டது. கரண்ட் போனது. ஆண்கள் இருவரும் படிக்கட்டில் வந்து நின்றார்கள். லாத்தா அடுப்படியில் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். முக்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நான் அடுப்படி வாசலில் போய் நின்றேன். "மாமி" என்று கூப்பிட்டேன். பதிலில்லாத இடத்தில் இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டு நின்றேன். அடுத்து மச்சான் பெயர். திகைத்துப்போய், "இருக்கேன்" என்றார். அடுத்து என் கணவர் பெயர். வாழ்க்கையில் முதல் தடவையாக அதைச் சத்தமாகச் சொன்னேன். அவர் "இருக்கேன்" என்றார். அடுத்து அந்தக் குழந்தையின் பெயர். மழை பெய்துகொண்டிருந்தது. நான் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

முடிந்தது என்று திரும்பினேன். பின்னால் இருட்டிலிருந்து லாத்தா என் பெயரைக் கூப்பிட்டாள்.

பத்து வருஷத்துக்கு மேல் காத்துக்கிடந்த வார்த்தை, வாயில் வரவில்லை. லாத்தா இன்னொரு தடவை கூப்பிட்டாள், இந்தத் தடவை சத்தமாக. முக்காலி நகரும் சத்தம் கேட்டது.

"இருக்கியா இல்லையா? சொல்லித் தொலை புள்ளே, உசுரு போவுது எனக்கு."

"இருக்கேன் லாத்தா," என்றேன்.

அந்தக் குழந்தைக்கு அடுத்துத்தான் என்னைக் கூப்பிட்டாள். கடைசியாக. பொய் சொல்வானேன், அதிலும் எனக்கு ஒரு சின்ன வருத்தம் இருந்தது.