பாதியில் நின்ற மோட்டார் சைக்கிள்

காதுக்குள் இனி எதையும் வைக்க வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அதனால்தான் பெரிய ஹெட்போன் வாங்கப் போனேன். காதின் மேல் முழுதாக மூடி நிற்பது. உள்ளே போகாதது.

முன்பு பொத்தான் மாதிரிச் சின்னது வைத்திருந்தேன். ஈரம் காயாத காதில் அதைச் செருகிச் செருகிச் சீழ் பிடித்துவிட்டது. என் காதில் எப்போதும் ஈரம்தான். இருபது வருஷம் துறைமுகத்தில் தண்ணீருக்கு அடியில் வேலை செய்தவன். படகுகளின் அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டுவது, புரொப்பெல்லரில் சுற்றிய வலையையும் கயிற்றையும் வெட்டி எடுப்பது. ஒரு நாள் வலது காது வலித்து இரத்தம் வந்தது. ஆறியது. அதற்குப் பிறகு நான் இறங்குவதில்லை. தங்கச்சியின் புருஷன் இறங்குகிறான். நான் மேலே வள்ளத்தில் இருப்பேன்.

மேலே இருப்பது சும்மா இருப்பது இல்லை. வள்ளத்தில் காற்று மெசின் ஓடும். ஒரு பெற்றோல் என்ஜின், ஒரு பெல்ட், காற்றை அமுக்கும் சிலிண்டர். அதிலிருந்து மஞ்சள் ஹோஸ் கீழே போகும். அதன் நுனியில் உள்ள ரப்பரை மச்சான் வாயில் கடித்துக்கொண்டிருப்பான். மெசின் நின்றால் அவனுக்குச் சில மூச்சுத்தான் மிச்சம். வலையில் கை மாட்டியிருந்தால் அதுவும் போதாது. ஆகவே மேலே இருப்பவன் மெசினின் சத்தத்தைக் கேட்டபடி இருக்க வேண்டும். பெல்ட் வழுக்கினால் சீறும். பெற்றோல் முடியப் போனால் இருமும். அது தொடங்கிய உடனே ஹோஸை மூன்று முறை இழுக்க வேண்டும். மூன்று என்றால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மேலே வா என்று பொருள்.

ஆள் கீழே இருக்கும்போது வள்ளத்தில் ரேடியோ இல்லை, போன் இல்லை, கதை இல்லை. அது எங்கள் சட்டம். நான் கேட்பதெல்லாம் வீட்டில். கேட்பது பாட்டும் இல்லை. மேளம். திருவிழாக்களில் பதிந்த நாதசுரமும் தவிலும். போனில் நிறைய இருக்கிறது. பின்னேரம் குளித்துவிட்டு வந்து கதிரையில் இருந்தால் அதுதான் எனக்கு ஓய்வு.

கடை மீன் சந்தைப் பக்கம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவந்து விற்ற சாமான்கள். புதியதும் உண்டு, பாவித்ததும் உண்டு. கடைக்காரர் கிண்ணியாக்காரர். அவர் என்னை அண்ணன் என்றார். நான் அவரை நானா என்றேன், முஸ்லிம் ஆட்களிடம் அதுதான் அண்ணன். யார் மூப்பு என்று இருவரும் கேட்கவில்லை.

"எவ்வளவுக்குப் பாக்கிறீங்க?" என்றார்.

"பன்னிரண்டாயிரம். அதுக்கு மேல ஏலாது."

"அதைப் பிறகு பாப்பம். என்ன கேக்கிற நீங்க? அதைச் சொல்லுங்க முதல்ல."

"மேளம். கோயில் மேளம்."

"அப்ப பேஸ் கூடின சாமான் வேணாம். எல்லாரும் அதைத்தான் கேட்டு வருவாங்க. அதில தவிலைப் போட்டா வெறும் தும் தும்தான். விரல் விழுற சத்தம் வராது."

தவிலைப் பற்றி அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"கடைக்குப் பின்னால கோயில் இரிக்கு. வருசம் பத்து நாள் ஓசியில கேக்கிறன்," என்றார்.

மூன்று ஹெட்போன்களைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தார். ஒன்று எட்டாயிரம். ஒன்று பன்னிரண்டு. மற்றது முப்பத்தெட்டு. அதை எதற்கு எடுத்தார் என்று கேட்டேன். "பாக்கிறதுக்குக் காசில்லை," என்றார். அதன் இரண்டு பக்கமும் சல்லடை மாதிரி ஓட்டை. அந்த ஓட்டையால் சத்தம் வெளியே போகுமாம், ஆனால் கேட்கிறவனுக்கு மேளக்காரருக்கு நடுவில் இருப்பது போல இருக்குமாம். மூடினது என்றால் பக்கத்தில் இருப்பவருக்குத் தொல்லை இல்லை, ஆனால் எல்லாம் ஒரு பெட்டிக்குள் கேட்கும். காதில் படுகிற மெத்தை தோல் மாதிரி இருந்தால் நம் ஊர் வெக்கைக்கு வேர்த்து உரிந்துவிடும், துணி நல்லது. வயரைக் கழட்ட முடிய வேண்டும், உப்புக் காற்றில் முதலில் போவது வயர்தான். எல்லாம் சொன்னார். எனக்குப் பிடித்திருந்தது. தொழில் தெரிந்தவன் பேச்சு.

"இப்ப கேட்டுப் பாருங்க. எல்லாருக்கும் முதல்ல இதைத்தான் போடுவன். ஒரு மோட்டார் சைக்கிள். வலப் பக்கத்தால வரும், இடப் பக்கத்தால போகும். நல்ல சாமானெண்டா உங்கட தலைக்குள்ளால ஓடுற மாதிரி இரிக்கும்."

எட்டாயிரம் ரூபாய்ச் சாமானைப் போட்டுக்கொண்டேன். மோட்டார் சைக்கிள் வலப் பக்கத்தில் தூரத்தில் தொடங்கியது. கிட்ட வந்தது. மண்டைக்கு நடுவில் வந்தது. மெலிந்து போய் நின்றது.

"பாதியில நிண்டிட்டுது," என்றேன்.

"என்ன நிண்டது?"

"மோட்டார் சைக்கிள்."

"பெற்றோல் முடிஞ்சிருக்கும்," என்றார் பகிடியாக. நானும் சிரித்தேன். இடப் பக்கம் பழுது, மலிந்த சாமான் அப்படித்தான் என்று சொல்லி அடுத்ததைக் கேட்டேன். பன்னிரண்டாயிரத்திலும் பாதியில் நின்றது. இதுவும் பழுது என்றேன். அவர் முப்பத்தெட்டாயிரத்தை நீட்டினார்.

அதில் மோட்டார் சைக்கிளின் செயின் சத்தம்கூடக் கேட்டது. பிறகு அதே இடத்தில் நின்றது.

அவர் அதை வாங்கித் தன் தலையில் போட்டுக் கேட்டார். கழற்றி, இடப் பக்கத்தை வலப் பக்கமாகத் திருப்பி, என் தலையில் வைத்தார். இம்முறை தொடக்கத்தில் ஒன்றும் இல்லை. மண்டைக்கு நடுவிலிருந்து மோட்டார் சைக்கிள் புறப்பட்டு வலப் பக்கத்தால் போய்விட்டது.

அவர் ஹெட்போனைத் துணியால் துடைத்தார். துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணன், சாமானில பிழை இல்லை."

அவர் சொல்லும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. பயந்துவிட்டேன். காதை நினைத்து இல்லை. மெசினை நினைத்து.

தை மாதம் மெசினைக் கழட்டித் துடைத்து மறுபடி பூட்டியிருந்தேன். அதற்குப் பிறகு அதன் சத்தம் மெதுவாகிவிட்டது. மெசின் நல்லாய்ச் சீராகிவிட்டது என்று மச்சானிடம் சொன்னேன். "நீங்க பூட்டினா அப்பிடித்தான்," என்றான். எனக்குப் பெருமையாகவும் இருந்தது. நான் வள்ளத்தில் இருப்பது எப்போதும் ஒரே இடத்தில். வலது கையில் ஹோஸ், இடது பக்கம் மெசின். மூன்று மாதமாக மெசின் மெதுவான சத்தத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. காது கேட்காதவன் மெசினைப் புகழ்ந்துகொண்டிருந்திருக்கிறேன்.

பிறகு பெல்ட் வழுக்கிய நாள். நான் இழுக்கவில்லை. அவனாகவே மேலே வந்து, வள்ளத்தின் விளிம்பைப் பிடித்து, இருமி இருமித் துப்பினான். "கேக்கேல்லையே மச்சான்?" என்றான். "காத்து மற்றப் பக்கம் அடிச்சது," என்றேன். பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நினைத்தேன். அவனும் நம்பினான்.

நானா என் போனைக் கேட்டு வாங்கி அதில் எதையோ மாற்றினார்.

"ரெண்டு பக்கச் சத்தத்தையும் ஒண்டாக்கி விட்டிருக்கிறன். இப்ப உங்கட மேளத்தைக் கேளுங்க."

எட்டாயிரத்தையே மறுபடி போட்டார். தவில் வந்தது. போன வருஷத் திருவிழாப் பதிவு அது. அதில் தவில்காரருக்குக் கை சோர்ந்துவிட்டது என்று நான் பலபேரிடம் சொல்லியிருக்கிறேன். கை ஒன்றும் சோரவில்லை. பதிந்தவர்கள் அவரை இடப் பக்கம் வைத்திருக்கிறார்கள்.

"இதையே கொண்டுபோங்க," என்றார் நானா. "விலை கூடினதின்ர வித்தை எல்லாம் ரெண்டு காதுக்காரருக்கு. இதில துணி மெத்தை, வயரையும் கழட்டலாம். ஆனா முதல்ல டொக்டரிட்டப் போங்க."

காசு கொடுக்கும்போது போன் அடித்தது. மச்சான்.

"நாளைக்கு விடிய ஆறு மணி. பலநாள் படகு ஒண்டு, புரொப்பெல்லர் முழுக்க வலை. வருவீங்கதானே?"

"ஓம்," என்றேன்.

அந்த ஓமை அன்று முழுதும் சுமந்தேன். வீட்டுக்கு வந்து ஹெட்போனைப் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை. தங்கச்சி வீட்டு வளவுக்குப் போனேன். மெசின் அங்கேதான் கொட்டிலில் நிற்கும். மச்சான் இல்லை. மெசினை இழுத்து ஓட விட்டேன். இடது பக்கத்தை அதற்குக் காட்டி நின்றேன். வலது காதை விரலால் அடைத்தேன். மெசின் நின்றுவிட்டது. கையை அதன் மேல் வைத்தேன். அதிர்ந்துகொண்டிருந்தது.

தங்கச்சி குசினியில் சமையலை விட்டு எட்டிப் பார்த்து ஏதோ சொன்னாள். வாய் அசைந்தது. விரலை எடுத்தேன்.

"நிப்பாட்டுங்க அண்ணை, பிள்ளை படிக்குது."

நிப்பாட்டினேன். அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயமா, கீழே இறங்குகிறவன் அவள் புருஷனாய் அல்லாமல் இன்னொருத்தியின் புருஷனாய் இருந்தால் சொல்லியிருப்பேனா, தெரியாது. இடம் மாறி இருந்து வலது காதை மெசினுக்குக் காட்டினால் போதும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

விடிய வள்ளத்தில் அப்படியே இருந்தேன். வலது பக்கம் மெசின், இடது கையில் ஹோஸ். பல நாள் கடலில் தங்கி மீன் பிடிக்கும் அந்தப் படகு பக்கத்தில் உயரமாக நின்றது. மச்சான் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தான்.

"என்ன, இண்டைக்கு இடம் மாறிப்போச்சு?"

"சும்மா."

"உந்தப் பக்கம் வெயிலெல்லோ."

"பரவாயில்லை."

அவன் கண்ணாடியை இறக்கினான். ரப்பரை எடுத்து உதறினான். வாய்க்குக் கொண்டுபோனான்.

"நில்," என்றேன்.

நின்றான்.

"இடது காது கேக்கேல்ல."

"எப்ப தொட்டு?"

"தெரியாது. தையா, அதுக்கு முந்தியா."

அவன் மெசினைப் பார்த்தான். பெல்ட் வழுக்கிய நாள் அவனுக்கு ஞாபகம் வந்ததை முகத்தில் கண்டேன். திட்டியிருந்தால் நல்லாய் இருந்திருக்கும்.

"மற்றக் காது?" என்றான்.

"கேக்குது."

"கண்ணை மூடுங்க. சத்தம் மாறினாக் கையைத் தூக்குங்க."

மூடினேன். மெசின் ஓடியது. சத்தம் குறைந்தது. கையைத் தூக்கினேன். மறுபடி குறைந்து இருமியது. தூக்கினேன். பிறகு நெடுநேரம் ஒன்றும் இல்லை. ஒரே மாதிரி ஓடியது. மச்சான் என் தோளைத் தொட்டான். கண்ணைத் திறந்தேன். அவன் ஒரு மரக்கட்டையால் பெல்ட்டை அழுத்திப் பிடித்திருந்தான். பெல்ட் வழுக்கிக்கொண்டிருந்தது. அது எப்படிச் சீறியிருக்கும் என்று எனக்குத் தெரியும். மேலே படகில் நின்றவர்கள் எல்லோரும் முகத்தைச் சுளித்தபடி திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தச் சீறல் மட்டும் எனக்கு வலது காதிலும் இல்லை.

அவன் மெசினை நிறுத்தினான். படகோட்டி மேலேயிருந்து சத்தம் போட்டார்.

"என்ன தம்பிமார், இறங்கப் போறியளோ, தூண்டில் போடப் போறியளோ?"

"மெசின்ல சின்னப் பிழை அண்ணை. அரை மணித்தியாலம்," என்றான் மச்சான்.

மெசினில் என்றான்.

பிறகு போன் எடுத்துத் தங்கச்சியைக் கூப்பிட்டான். அவள் துறைமேடைக்கு ஓட்டோவில் வந்து இறங்கினாள். வீட்டு உடுப்பு, தலையில் சுற்றிய துவாய். வள்ளத்தில் கால் வைக்கும்போதே தொடங்கினாள்.

"உலையை இறக்கிவைச்சிட்டு வாறன். என்ன விசயமெண்டு போனில சொல்ல வாயில்லையோ?"

மச்சான் சொன்னான். அவள் என்னைப் பார்த்தாள்.

"நேற்று வளவுக்கு வந்து மெசினை அலற விட்டது இதுக்குத்தானே?"

"ஓம்."

"அங்க வைச்சுச் சொல்லியிருந்தா நான் குளிச்சிட்டாவது வந்திருப்பன்."

"உனக்கு மெசின்ர சத்தம் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"பத்து வருசமா என்ர குசினிக்குப் பக்கத்தில வைச்சுக் கழட்டிப் பூட்டுறியள். தெரியாம?"

"சீறினா?"

"பெல்ட்."

"இருமினா?"

"பெற்றோல். இவரை இறங்கச் சொல்லுங்க, வெயில் ஏறுது."

மச்சான் இறங்கினான். தங்கச்சி நான் வழக்கமாக இருக்கும் இடத்தில் இருந்துகொண்டு துவாயைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். நான் ஹோஸைப் பிடித்தேன். எங்கள் சட்டத்தை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ஆனாலும் வாயே திறக்கவில்லை. அவள் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததை நான் முன்பு கண்டதில்லை.

முக்கால் மணித்தியாலம் இருக்கும். அவள் கை உயர்ந்தது. நான் மூன்று முறை இழுத்தேன். என் காதில் மெசின் ஒரே மாதிரித்தான் ஓடிக்கொண்டிருந்தது. கீழே வெட்டிய வலைத் துண்டுகள் முதலில் மிதந்து வந்தன. அவன் வரவில்லை. இன்னும் மூன்று முறை இழுத்தேன். பிறகு அவன் தலை தெரிந்தது.

"என்ன?" என்றான், ரப்பரைத் துப்பிவிட்டு.

"சீறினது," என்றாள் தங்கச்சி.

மெசினை நிறுத்திப் பார்த்தோம். பெல்ட்டின் ஓரம் நூல் நூலாய்ப் பிரிந்திருந்தது. காலையில் மரக்கட்டை வைத்ததால் இருக்கலாம். முன்பே இருந்தும் இருக்கலாம். பெட்டியில் இருந்த புதிய பெல்ட்டை நான் மாட்டினேன். 

மச்சான் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி இறங்கினான். தங்கச்சி மெசினுக்குக் காதைக் கொடுத்தாள். நான் ஹோஸை இரண்டு கையாலும் பிடித்தேன். அவன் மூச்சு இழுக்கும்போது அது மெல்லத் துடிக்கும். அதைக் கேட்கக் காது தேவையில்லை. ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தேன்.