கேசட்டில் இல்லாத பாட்டு

என் மனைவி ஷெஃபாலி, எங்கள் ஊரான ரிஷ்ராவில் ஒரு பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சமைக்கிறாள். இருநூற்றுப் பத்துப் பிள்ளைகள். குண்டானில் கிச்சடி கிளறும்போது அவள் வாய் சும்மா இருக்காது. இருபத்தெட்டு வருஷமாக ஒரே பாட்டு. கேட்டால், பாடகர் ஹிரண்மய் சர்க்கேல் எழுதியது என்பாள்.

அவர் எழுதிப் பாடிய கேசட் அத்தனையும் எங்கள் வீட்டில் உண்டு. ஒன்றிலும் அந்தப் பாட்டு கிடையாது. எங்கள் சணல் மில்லின் சங்கை நிறுத்தி இழுத்து மூடியபோது, அவர் கிடாரோடு வந்து வாசலில் பாடினார். அன்றைக்குப் பாடிய பாட்டாம் இது. ஜனங்கள் விடாமல் மறுபடி மறுபடி பாட வைத்தார்களாம். நானும் அங்கேதான் இருந்தேன், ஆனால் அந்த நேரம் பார்த்து டீ குடிக்கப் போய்விட்டேன். கேட்ட மற்றவர்கள் பிழைப்புத் தேடி நாலு திசைக்கும் போய்விட்டார்கள். "எல்லாம் ஷெஃபாலியோட சொந்தச் சரக்கு" என்று தெருவே சிரிக்கும். நானும் சிரித்தவன்தான், மறைப்பானேன்?

ஹிரண்மய்க்கு வயது எழுபத்தாறு. இதய ஆபரேஷனுக்குப் பிறகு நாலு வருஷமாக மேடை ஏறவில்லை. போன குளிர்காலத்தில், பக்கத்து ஊர் கிளப் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாடப் போகிறார் என்று போஸ்டர் ஒட்டினார்கள்.

"இந்தத் தடவ அவர்கிட்டயே கேட்டுடப் போறேன். அவரே இல்லேன்னுட்டா, அப்புறம் நான் வாயத் திறக்கல" என்றாள்.

"நீயா? வாயத் திறக்காம ஒரு மணி நேரம் தாங்குவியா?"

"கிண்டல் பண்ணுங்க. அத்தனை பிள்ளைங்களுக்கும் அவர் பாட்டுன்னு சொல்லிக் குடுத்திருக்கேன். பொய்யின்னு ஆயிட்டா, எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு கரண்டி புடிப்பேன்?"

அப்போதுதான் அவள் விளையாடவில்லை என்று எனக்கு உறைத்தது.

நல்ல வெயில். ஆனாலும் எங்கள் ஆட்கள் குரங்குக் குல்லாய் இல்லாமல் வந்தால்தானே! ஹிரண்மய் மெலிந்துபோயிருந்தார். முதல் பாட்டில் குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. இரண்டாவது பாட்டில் நிலைக்கு வந்துவிட்டது. பழைய குரல் இல்லை, ஆனால் வார்த்தை ஒவ்வொன்றும் நேராக நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. எனக்குக் கண் கலங்கியது. இந்த மனுஷனை மறுபடி பார்ப்போம் என்று நான் நினைக்கவே இல்லை.

எங்கள் ஊரில் பாடகரை அவர் இஷ்டத்துக்குப் பாட விடமாட்டோம். ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் பாட்டுப் பேரை எழுதி மேடைக்கு அனுப்புவோம். ஷெஃபாலி மருந்துக்கடை ரசீதின் பின்பக்கம் முதல் வரியை எழுதி அனுப்பினாள். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உரக்கப் படித்தார்.

"'சங்கு ஊதாத காலையிலும் சூரியன் வந்தது.' நல்ல வரி. ஆனா என்னோடது இல்லையே. வேற யாரோடதயோ எனக்கு அனுப்பிட்டீங்க."

கூட்டம் சிரித்தது. அவள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"வா, ஜும்பா அம்மா. வீட்டுக்குப் போயிடலாம்" என்றேன், எப்போதும்போல மகள் பேரைச் சொல்லி.

கையை உதறிவிட்டு எழுந்து நின்றாள். மைக் இல்லாமல், பள்ளிக்கூட அடுப்படியில் பாடுகிற அதே குரலில் ஆரம்பித்தாள்.

*சங்கு ஊதாத காலையிலும் சூரியன் வந்தது,*
*கதவைத் திற என்று அது யாரையும் கேட்கவில்லை.*

இரண்டாவது சரணத்தில் ஹிரண்மயின் விரல்கள் கம்பியில் எதையோ தேடின. கிடைத்தது.

"அட! ரிஷ்ரா மில் வாசல்! அந்த நோட்ட ரயில்ல தொலைச்சுட்டேன்மா. பாடுங்க, நிறுத்தாதீங்க!"

அவள் மூன்றாவது சரணத்துக்குப் போனாள்.

*ரெண்டு பேருக்கு வைத்த உலை கொதிக்கிறது,*
*இன்னும் ரெண்டு பேர் வந்தால், இன்னும் ஒரு செம்புத் தண்ணீர்.*

கிடார் நின்றுவிட்டது.

"முதல் ரெண்டு சரணம் என்னோடது. இத நான் எழுதல" என்றார்.

"நீங்கதான் பாடுனீங்க."

"மூணாவது அன்னைக்கு எனக்கு வரவே இல்லம்மா. ரெண்டையே திருப்பித் திருப்பிப் பாடினேன். அதோட, உலை வைக்கத் தெரிஞ்ச கைதான் இந்த வரிய எழுதும். எனக்கு டீ போடக்கூடத் தெரியாது, வேணும்னா என் பொண்டாட்டியக் கேளுங்க."

இந்தத் தடவை கூட்டம் சிரித்தது வேறு மாதிரி இருந்தது. ஷெஃபாலி மட்டும் சிரிக்கவில்லை.

"அப்போ இத்தனை வருஷமா நான் பொய்யா சொல்லிட்டிருந்தேன்?"

"பொய்யா? பெத்தவன் நான் மறந்துட்டேன், நீங்க சோறு போட்டு வளர்த்திருக்கீங்க, மூணாவது சரணமும் உங்களுக்கே தெரியாம நீங்க குடுத்ததுதான். இனி இத எங்க பாடினாலும் ரெண்டு பேர் பேரையும் சொல்லித்தான் பாடுவேன். உங்க பேர் என்னம்மா?"

அவள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. இருநூற்றுப் பத்துப் பிள்ளைகளை ஒரே அதட்டில் உட்கார வைக்கிறவள், தன் பேரைச் சொல்ல முடியாமல் நின்றாள். முப்பத்தோரு வருஷத்தில் நாலு பேர் முன்னால் அவள் பேரைச் சொல்லி நான் கூப்பிட்டதே இல்லை. நாற்காலி மேல் ஏறி நின்று, தொண்டை கிழியக் கத்தினேன்.

"ஷெஃபாலி! ஷெஃபாலி சாமந்தா!"