இஞ்ச வெள்ளம் உண்டு

ஜீப் தொழிலில் எந்த மேட்டையும் ஏறிவிடலாம். சவாரிக்கு வந்தவரைச் சமாதானப்படுத்துவதுதான் பெரும்பாடு. சுற்றுலாக்காரர்களை ஏற்றி இறக்கிய சகோதரர்களே, உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். தொண்ணூறுகளில் உதியன்குளங்கரை முக்கில் ஜீப் போட்டிருந்தேன். கிழக்கே மலைச்சரிவில் எங்கள் வீடு. காட்சி பார்க்க ஆட்கள் மலையேறத் தொடங்கிய சமயம் அது. போகிற வழியில் ஓர் ஊற்று. சரிவில் உள்ள அத்தனை வீட்டுக்கும் குடிக்க அது ஒன்றுதான்.

பயந்த குடும்பம்

மதுரைக் குடும்பம் ஒன்றை ஏற்றிப் போனேன். ஊற்றுப் பக்கத்தில் சாயாக்கடை போட்டிருந்த ராஜம்மக்காவிடம், "மேலே என்னம்மா இருக்கு?" என்று அப்பா கேட்டார். பிள்ளைகள் கையில் காலி பாட்டிலைப் பார்த்த அக்கா, "வெள்ளம் உண்டு. இஷ்டம்போல உண்டு, பயப்படாண்டாம்" என்றாள்.

எங்களுக்கு வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர். அவர் பிள்ளைகளை வாரிக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார். வானத்தில் ஒரு மேகம் கிடையாது. நான் விளக்கிச் சொல்லியும் நம்பவில்லை.

"வெள்ளம் வருதுன்னுட்டுப் பயப்படாதேங்கிறாளே, என்ன ஊருய்யா இது!"

லாட்ஜ் முதலாளி

மெட்ராஸ் முதலாளி ஒருவர் உச்சியில் லாட்ஜ் கட்ட இடம் வாங்கினார். அடிக்கடி சவாரி கிடைத்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஒருநாள் ஊற்றருகே வண்டியை நிறுத்தச் சொன்னார். இதைச் சுற்றிச் சுவர், இங்கே மோட்டார், மேலே நீச்சல் குளம் என்று கை நீட்டிக் காட்டினார். அப்போ நாங்கள் குடிக்க என்ன செய்வது என்று கேட்டேன். என் ஜீப்பே மூச்சு வாங்குகிற அந்தப் பாதையில் நின்றுகொண்டு சொன்னார்:

"லாரில தண்ணி வரவழைச்சுக்கலாம்ப்பா, இந்த ஊத்தையா நம்பிட்டிருக்கீங்க?"

ஏறாத சரக்கு

அன்றைக்கே சரிவில் எல்லோரும் கூடினோம். வருகிறவர்கள் மேல் யாருக்கும் கோபமில்லை. அவர்களால்தான் அக்காவுக்குக் கடை, எனக்கு வண்டி. ஆனால் ஊற்றை விடுவதில்லை என்பதில் ஒருவரும் அசையவில்லை. முக்கில் இருந்த ஜீப்காரர்கள் எல்லோரும் கட்டடச் சாமான் ஏற்றுவதில்லை என்று முடிவு செய்தோம். முதலாளி இரட்டை வாடகை தருகிறேன் என்று வந்து நின்றார். பக்கத்து வண்டிக்காரன் அவர் காதில் விழும்படி என்னிடம் சொன்னான்:

"டூரிஸ்டு ஏறட்டு மக்கா, பைப்பு ஏறாது."

இரண்டு வெள்ளம்

பிறகு முதலாளி தன் தொழில் பங்காளியை இடம் பார்க்க அழைத்து வந்தார். ஆட்களை ஏற்றமாட்டோம் என்று நாங்கள் சொல்லவில்லையே, நானே கொண்டுபோனேன். ஊற்றைச் சுற்றிக் குடமும் கையுமாகப் பெண்கள். என்ன கூட்டம் என்று பங்காளி கேட்டார். "இஞ்ச வெள்ளம் உண்டு சாரே" என்றாள் அக்கா.

"வெள்ளம் வர்ற இடத்துலயா லாட்ஜ்?" என்று பங்காளி பதறினார். முதலாளி அவசரமாக, "ஐயோ, இவங்க குடிக்கிற தண்ணியத்தான் சொல்றாங்க" என்றார். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். "நம்ம சொந்த ஊத்துன்னு சொன்னீங்களே?" என்றார் பங்காளி. அக்கா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"ரெண்டு வெள்ளமும் இஞ்ச உண்டு சாரே. இத எடுத்தா, மத்த வெள்ளம் நாங்களாக்கும்."

லாட்ஜ் வரவில்லை, சவாரியும் குறையவில்லை. மதுரைக்காரர்களிடம் மட்டும் 'தண்ணீர்' என்று நிறுத்தி நிதானமாகச் சொல்லக் கற்றுக்கொண்டோம்.